பழைய வீட்டைப் பார்த்துப் புது வீட்டை அமைக்க: வாசகர் கேள்வி-பதில்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு, "இதில் எதையாவது எங்கள் வீட்டுக்கும் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கட்டுமானம், மரவேலை, தரைவேலை தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. அந்த வீடுகளில் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் உண்டு. ஆனால் உள்ளே நுழைந்ததும் மனம் அடங்குவது வெளிச்சம் விழும் விதத்தாலும், சுவரைப் பிரித்திருக்கும் அளவாலும், காலியாக விட்ட தரையாலும்தான். இந்த மூன்றையும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

காரைக்குடியில் 950 சதுர அடியில் பிளாட் வாங்கியிருக்கிறோம். கானாடுகாத்தான் வீடுகளின் களை கொஞ்சமாவது வரவேண்டும் என்று ஆசை. ஹாலில் ஒரு மரத்தூண் நிறுத்தலாமா? பழைய சாமான்கள் எவை வாங்கலாம்?
— ஒரு வாசகி, காரைக்குடி

தூண் வேண்டாம். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி வரிசையாக நின்று கூரையின் பாரத்தைத் தாங்கியவை அந்தத் தூண்கள். ஒன்பதரை அடி உயரத்துக்குள் எதையும் தாங்காமல் ஒற்றைத் தூண் நின்றால் நடக்கிற இடத்தை அடைக்கும், வேறு பயன் இல்லை.

முதலில் வாசல் கதவைத் திறந்து, வெளியே நின்று உள்ளே பாருங்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் பின்வாசல் வரை பார்வை நேராக ஓடும். பிளாட்டில் அந்த நேர்கோடு பெரும்பாலும் பால்கனியில் முடியும். அதை மறைக்கிற ஷோகேஸ், சோபாவின் முதுகு, செருப்பு அலமாரி இவற்றை நகர்த்துங்கள். 3 அடி அகலத்துக்கு வழி முழுக்கக் காலியாக இருக்கட்டும். கோட்டின் முடிவில் ஒரே ஒரு பொருள் போதும்: ஒரு பழைய மரப்பெட்டியோ, செடி வைத்த பித்தளை அண்டாவோ.

அடுத்தது சுவர். பழைய கூடங்களில் சுவரின் கீழ்ப்பகுதி ஒரு நிறமாகவோ பூக்கல் பதித்தோ இருக்கும், மேலே வெள்ளை. 10 அடிச் சுவரானால் கீழ்ப்பட்டை 3 அடி, மிஞ்சினால் மூன்றேகால் அடி. சரிபாதியில் பிரித்தால் பள்ளிக்கூட வராந்தா போல் ஆகி, அறையும் குட்டையாகத் தெரியும். கீழே காவி, அடர் பச்சை, கருநீலம் இவற்றில் ஒன்று. மேலே பால்வெள்ளை கூடாது, சுண்ணாம்பின் மங்கிய வெள்ளை. இரண்டுக்கும் நடுவே 1 அங்குலத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு ஒட்டும் டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே உரித்துவிடச் சொல்லுங்கள். காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

கூரையில் ஜிப்சம் சீலிங் போடாதீர்கள். இருக்கிற உயரத்திலிருந்தே அரை அடி போய்விடும். கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டரில் சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடி மாற்றலாம். ஆனால் கிழக்கோ மேற்கோ பார்த்ததாக இருக்கவேண்டும். வடக்குப் பார்த்ததில் நேர்வெயில் அநேகமாக விழாது, தரையில் நிறம் படியாது. விளக்குகள் 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரை இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் தேக்கும் பித்தளையும் சாம்பல் பூத்துத் தெரியும்.

இவ்வளவும் முடித்துச் சில வாரம் குடியிருந்து பாருங்கள். பிறகு முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், எது வேண்டாம் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

ஆத்தங்குடிக் கல் பதித்து நான்கு மாதம் ஆகிறது. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஆசிட் விட்டுக் கழுவினால் போய்விடும் என்கிறார்கள். மாடியிலும் பதிக்க இருக்கிறோம். இப்படி வராமலிருக்க என்ன செய்யவேண்டும்?
— ஒரு வாசகர், தேவகோட்டை

ஆசிட் பக்கமே போகாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் நிறச் சிமென்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையும் ஈரக் கலவையும் நிரப்பி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. கண்ணாடியில் படிந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. சிமென்டை ஆசிட் தின்றுவிடும்; பளபளப்பு ஒரே கழுவலில் போகும், திரும்ப வராது. எலுமிச்சை, புளித்தண்ணீர், வினிகர் இவையும் மெதுவாக அதே வேலையைச் செய்யும்.

பூத்திருப்பது உப்பு. அடிக்கலவையில் உள்ள ஈரம் மேலே ஏறும்போது கரைந்த உப்பையும் கூட்டி வந்து, இடுக்கில் காய்ந்து நிற்கிறது. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டிருந்தாலும், கழுவாத மணல் போட்டிருந்தாலும் கூடுதலாக வரும். உலர்ந்த தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டால் மறுபடியும் ஈரம் இறங்கி, மறுபடியும் பூக்கும். அடியிலுள்ள ஈரம் வற்ற வற்ற இது குறைந்து நிற்கும். ஒரு மழைக்காலம் கழிந்தும் அதே இடத்தில் விடாமல் வந்தால், கோளாறு கல்லில் இல்லை. பக்கத்துக் குழாய்க் கசிவையோ சுவர் அடியிலிருந்து ஏறும் ஈரத்தையோ தேடவேண்டும். அதுவரை ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் பூச்சு எதுவும் அடிக்காதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலாகி, கல் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

மாடிக்கு வருவோம். முதலில் பாரம், உயரம் இரண்டையும் கணக்கிடுங்கள். கல்லின் கனம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். சதுர அடிக்கு 4 கிலோ. அடியில் ஒன்றேகால் அங்குலக் கலவை சேர்த்தால் சதுர அடிக்கு 10 கிலோவுக்கு மேல் போகும். பழைய தளமானால் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். தரை 2 அங்குலம் உயரும் என்பதால் கதவின் அடியை முன்பே சீவவேண்டும். பதித்தபின் கதவு திறக்காமல் தவிப்பது அடிக்கடி நடக்கிற காரியம்.

100 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 144 வேண்டும், 8 அங்குலக் கல் 225. வெட்டு, உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். கையால் கலக்கும் நிறம். அடுத்த மாதம் வாங்கும் பச்சை இந்தப் பச்சையாக இருக்காது. வந்த கல்லை எல்லாம் கலந்து, கலவை இல்லாமல் தரையில் பரப்பிப் பார்த்து, நடுவிலிருந்து சுவரை நோக்கிப் போங்கள். வெட்டுக்கல் ஓரத்தில்தான் வரவேண்டும். அதை மறைக்கவே பழைய வீடுகளில் பார்டர் போட்டார்கள்.

பெயின்ட், மின்வேலை, தச்சு எல்லாம் முடிந்தபின்தான் தரை. சலித்த மணல் 5 பங்குக்குச் சிமென்ட் 1 பங்கு. கையால் செய்த கல்லின் கனம் ஒன்றுக்கொன்று சற்று மாறும் என்பதால், மெல்லிய பசையில் ஒட்டுவதைவிடக் கலவைப் படுக்கைதான் ஒத்துவரும். கல்லை நனைத்து வைத்து, மரக்கைப்பிடியால் மட்டும் தட்டவேண்டும்; இரும்புச் சுத்தி பட்டால் முனை உதிரும். இடைவெளிக் கட்டை வேண்டாம், கல்லோடு கல் ஒட்டி வரட்டும். இடுக்குக்கு வெள்ளைச் சிமென்ட் பால், அதில் கல்லின் நிறத்துக்கு ஏற்ற பொடி கொஞ்சம். முகத்தில் வழிந்ததை அந்த நிமிடமே துடைக்கவேண்டும், காய்ந்தால் கறைதான். மேலே செய்தித்தாள் விரிக்காதீர்கள், மை இறங்கிவிடும். வெள்ளைத் துணியோ வெறும் சாக்கோ போதும். மெஷின் பாலிஷ் கூடவே கூடாது, நிறப்படலமே தேய்ந்துவிடும். ஈரம் வற்றியபின் தவிட்டைத் தூவிச் சாக்கால் தேய்த்துக் கூட்டினால் போதும், அன்றாடம் நடக்க நடக்க மெருகு ஏறும்.

குளியலறையிலும் அடுப்படி மேடையிலும் இந்தக் கல் வேண்டாம். சோப்பும் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கும்.

செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவர்ப்பூச்சைப் புது வீட்டில் ஒரு சுவருக்காவது செய்ய விரும்புகிறோம். சுவருக்கு ஏற்கெனவே சிமென்ட் பூசியாகிவிட்டது. அதன் மேலேயே செய்யலாமா? முட்டை சேர்க்காமல் வருமா?
— ஒரு தம்பதி, பள்ளத்தூர்

வழவழப்பான சிமென்ட் பூச்சின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. ஓரிரு ஆண்டில் பாளமாகக் கழன்று விழும். தேர்ந்தெடுத்த சுவரில் சிமென்டைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டு, இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, முந்தின நாளே நன்றாக நனையுங்கள். வெளிச்சுவரோ மழைச்சாரல் அடிக்கும் சுவரோ வேண்டாம். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் வழிந்து விழும் உள்சுவர்தான் இதற்கு ஏற்றது.

சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, தண்ணீருக்குள்ளேயே குறைந்தது 15 நாள் மூழ்கியபடி வைக்கவேண்டும். கடைசிப் பூச்சுக்கான சுண்ணாம்பு ஒரு மாதத்துக்கு மேல் ஊறினால் நல்லது. இந்தப் பொறுமை இல்லாமல்தான் பெரும்பாலான சுவர்கள் கெடுகின்றன. நீறாத துகள் ஒன்று உள்ளே இருந்தாலும், மாதங்கள் கழித்து ஈரம் பட்டு உப்பி, சுவரில் சிறு குழியாக வெடிக்கும். ஊறியதைக் கொசுவலை அளவுக் கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் குழியை மூடிவையுங்கள்.

முதல் பூச்சு: சுண்ணாம்பு 1, ஆற்று மணல் 3, அரை அங்குலக் கனம். இரண்டாவது: 1-க்கு 2, சலித்த பொடிமணல், கால் அங்குலம். கடைசி: வடிகட்டிய சுண்ணாம்பும் மாவாக அரைத்த வெள்ளைக் கல் பொடியும் சரிக்குச் சரி, 1 அல்லது 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கனத்தால் வெடிப்பு வரும். கலவையை இளக்கக் கடுக்காய்த் தண்ணீர்: 20 லிட்டர் தண்ணீருக்கு இடித்த கடுக்காய் 1 கிலோ, வெல்லம் 1 கிலோ என்று தொடங்கி, ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைத்துக் கொட்டக் கூடாது. இறுகுவது தாமதமாகும், எறும்பும் பூஞ்சையும் வரும்.

முட்டை வெள்ளைக்கரு அந்தக் காலக் கடைசிப் பூச்சில் சேர்ந்தது உண்மை. ஆனால் அந்த வழவழப்பில் பெரும்பங்கு கைக்குத்தான். பூச்சு வெண்ணெய்ப் பதத்திலிருந்து இறுகிவரும் அந்தச் சில மணி நேரத்தில், முதலில் கரணையாலும் பிறகு வழவழப்பான கூழாங்கல்லாலும் விடாமல் அழுத்தித் தேய்க்கவேண்டும். முட்டை இல்லாமலும் மின்னும். ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருப்பதால், 10 அடிக்கு 10 அடிச் சுவருக்கு இரண்டு கொத்தனார் வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் ஒட்டு தழும்பாகத் தெரியும்.

ஒவ்வொரு பூச்சும் ஒரு வாரம் மெல்லிய ஈரத்தில் இருக்கட்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெதுவாக இறுகுவது. வெடுக்கென்று காய்ந்தால் தலைமுடி போல வெடிக்கும். அதனால் மார்கழி, தை, மாசிதான் காலம். அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். முடிந்தபின் மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சுவிட முடியாமல் கொப்பளிக்கும். நிறம் வேண்டுமானால் கடைசிப் பூச்சிலேயே மண்நிறப் பொடி கலந்துவிடுங்கள்.

அப்பத்தா வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. எங்களுக்கு ஒரு பங்கு உண்டு. அங்குள்ள ஒரு நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு வந்து, சென்னை வீட்டில் சாப்பாட்டு மேசையாக்கலாமா?
— ஒரு வாசகர், சென்னை

செய்யாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. வீடு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அனைவரும் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு தாழ்ப்பாளைக்கூட எடுக்கக் கூடாது. சம்மதித்தாலும், நிலை என்பது சுவரோடு சேர்ந்து மேற்கட்டின் பாரத்தைத் தாங்கி நிற்பது. முட்டுக் கொடுக்காமல் பிடுங்கினால் மேலே செங்கல் சரியும், அடுத்த மழைக்குள் விரிசல் வளவு வரை ஓடும். ஒரு கதவு போன வீட்டில் அடுத்தடுத்து எல்லாம் போகும். அதற்குப் பதில் கதவை முன்னால் நின்று படமெடுத்து, பூவேலைக்கு மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். காரைக்குடிப் பக்கத்து ஆசாரிகள் அதைப் பார்த்து அலமாரிக் கதவிலோ கட்டில் தலைமாட்டிலோ செதுக்கித் தருவார்கள். அசையும் பொருள், பெட்டி, முக்காலி, பலகை போன்றவற்றைப் பங்காளிகள் கூடிப் பிரித்துக்கொள்வது வேறு.

ஏற்கெனவே இடித்த வீட்டின் கதவைக் கடையில் வாங்குபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. கதவைச் சாய்த்துத் தட்டுங்கள். மாவாகப் புதுத்தூள் உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பூவேலையின் பின்பக்கம் பாருங்கள். புதுத் துண்டைப் பசையால் ஒட்டியிருந்தால் கோடு தெரியும். பழைய பச்சை, நீலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர உப்புத்தாள் போடுவதும் தீயால் சுடுவதும் ஆபத்து. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி, துணியால் தடவி, 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்த கோட்டு. மூன்று கோட்டு போதும். தடவிய துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள். கதவு கதவாக நிற்பதே அழகு. மேசையானால் குழம்பும் தூசியும் பூவேலைக்குள் அடைந்து, மேலே 10 மில்லிமீட்டர் கண்ணாடி போடவேண்டி வரும். அப்புறம் மரத்தைத் தொடவே முடியாது.

பழைய பெல்ஜியம் கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள். புது ரசம் பூசலாமா?
— ஒரு வாசகி, கோட்டையூர்

வேண்டாம். பின்பக்க வெள்ளிப் பூச்சை ஈரம் அரித்ததால் வந்த புள்ளிகள் அவை; பழசைச் சுரண்டிப் புது ரசம் பூசினால் கண்ணாடியின் வயதே போய்விடும். இனிமேல் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை அங்குலத் தக்கை நான்கு, குளியலறைச் சுவர் கூடாது, கண்ணாடி மேல் நேராக எதையும் தெளிக்காமல் துணியை நனைத்துத் துடைப்பது. ஜன்னலுக்கு எதிரே, மேல்முனையை லேசாக முன்னால் சாய்த்து மாட்டினால் தரையின் வெளிச்சம் அறைக்குள் திரும்பும்.

30-க்கு 50 அடி மனையில் முற்றம் வைக்க இடம் போதுமா? கொசு, மழை, திருட்டுக்குப் பயந்து வேண்டாம் என்கிறார்கள் வீட்டில்.
— ஒரு வாசகர், திருமயம்

8-க்கு 8 அடி இருந்தாலே முற்றம் வேலை செய்யும். சூடான காற்று மேலே போக வழி கிடைக்கும், நடு அறைகளுக்குப் பகலில் விளக்கு வேண்டாம். சுற்றுத் தாழ்வாரத்தின் கூரை குறைந்தது 2 அடி நீட்டிக்கொண்டிருக்கட்டும், சாரல் தரைக்கு வராது. முற்றத்தின் தளம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலம் தாழ்வு, 7 அடிக்கு 1 அங்குலம் சரிவு, விளிம்புக்குக் கருங்கல்.

தண்ணீர்க் கணக்கு போட்டுவிடுங்கள். திறந்த இடமும் அதை நோக்கிச் சரியும் கூரையும் சேர்ந்து 400 சதுர அடி என்றால், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்யும் ஐப்பசி மழைக்கு ஏறக்குறைய 1,850 லிட்டர் வரும். 4 அங்குலக் குழாய் ஒன்றே இதை இழுக்கும். ஆனாலும் எதிரெதிர் மூலையில் இரண்டு வையுங்கள், ஏனென்றால் ஒரு இலை அடைத்தால் போதும், தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடும். வாய்க்குக் கழற்றும் சல்லடை. முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை மணல் வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு அனுப்பினால், செட்டிநாட்டு வீடுகள் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள்.

திருட்டுக்கு 12 மில்லிமீட்டர் கம்பியில் 4 அங்குல இடைவெளிக் கிராதி, அதற்கு அடியில் கொசுவலைச் சட்டம். மேலே பாலிகார்பனேட் மூடியேதான் தீரவேண்டும் என்றால் சுற்றிலும் ஒன்றரை அடி திறப்பு விட்டு உயர்த்துங்கள். ஒட்ட மூடினால் சித்திரையில் வீட்டின் நடுவே அடுப்பு வைத்த கதிதான்.

ஹாலில் ஊஞ்சல் மாட்ட, கூரையில் துளைபோட்டு விரியும் போல்ட் அடித்தால் போதுமா?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

போதாது. ஆடும்போது பாரம் மாறி மாறி இழுப்பதால் அந்த போல்ட் நாளாவட்டத்தில் தளரும். மூன்று பேர் உட்காரும் பலகை என்றால் மொத்தம் 500 கிலோ தாங்கும்படி கணக்கிடவேண்டும். கட்டும் வீடானால் 16 மில்லிமீட்டர் கம்பிக் கொக்கியை உத்திரத்தின் அடிக்கம்பிகளில் மாட்டி வளைத்தபின் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். கட்டி முடித்த வீட்டில் இரண்டு சுவரிலும் உட்காரும்படி இரும்பு உத்திரம் ஒன்றைக் குறுக்கே போட்டு, அதில் மாட்டலாம்; அளவைப் பொறியாளர் சொல்லட்டும். பலகை தரையிலிருந்து 17 அங்குலம், முன்னும் பின்னும் 4 அடி, பக்கங்களில் ஒன்றரை அடி காலி. சங்கிலியின் கொக்கி வளையங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்; தேய்மானம் கண்ணில் பட்டாலே மாற்றிவிட வேண்டும்.

கண்டாங்கிப் புடவைகளைத் திரைச்சீலையாக்க ஆசை. சாயம் போகுமா? பழைய எனாமல் தட்டுகளில் சாப்பிடலாமா?
— ஒரு வாசகி, சிவகங்கை

காரைக்குடிக் கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கனமான பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை என்று திரைச்சீலைக்கே நெய்தது போலிருக்கும். ஐந்தரை மீட்டர்ப் புடவையில் 9 அடித் துண்டு இரண்டு வரும்; சுருக்கமும் மடிப்பும் போகத் திரை அதைவிடச் சற்றுக் குறையும். தைப்பதற்கு முன் இரண்டுமுறை தனியாகத் தண்ணீரில் அலசிச் சுருங்கவிடுங்கள். அடர் சிவப்பும் கறுப்பும் முதல் அலசலில் சாயம் விடும். மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் வெள்ளைத் துணி கொடுத்துத் தைத்தால் வெயிலில் வெளுப்பது குறையும். கரையை வெட்டாமல் திரையின் நடுவே சந்திக்கும் ஓரத்தில் வரும்படி பிடியுங்கள்.

எனாமல் தட்டில் சாப்பிட வேண்டாம். பழைய நிறப் பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். புளிப்பும் சூடும் அவற்றைக் கரைக்கும், பெயர்ந்த இடத்தில் துருவும் ஏறும். சுவரில் மாட்டுங்கள், அல்லது சாவி வைக்கும் தட்டாக வாசலருகே வையுங்கள்.